ஓடைக்கரையில் தலைவர்

தானா ராத்தா, 1979

அன்பு மகளுக்கு,

வக்கீல் கேட்டபடி வரிசையாக எழுதுகிறேன்.
1. அன்று மலையேற்றக் குழுவின் தலைவர் செல்லையா. நான் சம்பளமில்லாத் தொண்டன்.
2. மீட்புப் பயிற்சிச் சான்றிதழ் என்னிடம் மட்டுமே உண்டு.
3. குழுவில் வந்த ஐவி என்மேல் போட்ட வழக்கில் நான் பொறுப்பல்ல.

மழையில் ஓடை பெருகியிருந்தது. "கடக்கலாமா?" என்று ஐவி கேட்டாள். செல்லையா சிரித்தார்: "என்னைக் கேக்காதே. சார்தான் சர்டிபிகேட் வச்சிருக்காருலா. பெரியவர் முன்னால போகட்டும்."

மறுத்துப் பேசக் கூச்சம். பயந்துகொண்டே இறங்கினேன். நான் கரையேறிவிட்டேன், பின்னால் வந்த ஐவியை வெள்ளம் இழுத்துப் பாறையில் மோதவைத்தது. இன்றும் கோல் ஊன்றித்தான் நடக்கிறாள்.

வயதுக்கு மரியாதையாக முன்னால் விட்டார்கள் என்று நீ சொல்வாய். ஐவியோ என் சான்றிதழை நம்பித்தான் இறங்கினாள்.

தோற்றால் இந்த வீடு போகும் என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனாலும் மேலே உள்ள மூன்று குறிப்புகளோடு நீ அனுப்பிய வாக்குமூலத்தைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புகிறேன். முதல் குறிப்பு தவறு, மகளே. அந்தக் கரையில் தலைவர் நான்தான்.

அப்பா