ஆண்டறிக்கையும் தோட்டத்து மணியும்

1980 ஜனவரி 13, ஞாயிறு. லூனாஸ்.

இன்று சபையின் ஆண்டுக் கூட்டம். நான் செயலாளர், அதனால் வளர்ச்சி அறிக்கையை நான்தான் வாசித்தேன். "இவ்வாண்டு பதினொரு குடும்பங்கள் புதிதாகச் சேர்ந்துள்ளன" என்றதும் ஒரே கைதட்டல். ஒரு குடும்பமும் புதிதில்லை. ரப்பர் பால்மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டதில் வேலை போய், எங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்தை விட்டு டவுனுக்கு வந்தவர்கள். அங்கே பேரை அடித்துவிட்டு இங்கே எழுதினேன். இதற்குப் பேர் வளர்ச்சியாம்!

அடுத்தது எதிர்காலத் திட்டம். டவுன் ஆலயத்துக்குக் கோபுரம் கட்டி, தோட்டத்து மணியைக் கழற்றிவந்து அதில் மாட்டப் போகிறார்களாம்.

"அங்க இனிமே யாரு இருக்கா? சும்மாதானே தொங்குது" என்றார் போதகர், கறிபாப் பலகாரத்தை மென்றுகொண்டே.

பின்வரிசையிலிருந்து மரியம்மா அக்கா எழுந்தார். தோட்டத்து லயத்தில் மிச்சமிருக்கும் சில வீடுகளில் அவருடையதும் ஒன்று.

"நாங்க இருக்கோம்லா, ஐயா. லயத்துல யாராச்சும் செத்தா அந்த மணிய அடிச்சித்தானே ஆளக் கூப்புடுறோம். வேதக்காரங்களோ இந்துவோ, எல்லாருக்கும் அதே மணிதான்."

"பாக்கலாம்மா, உக்காருங்க" என்ற போதகர், அதே மூச்சில் திட்டத்துக்குச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்தார்.

அப்பா செத்த அன்று தோட்டத்தையே கூப்பிட்டது அந்த மணிதான்.

தூக்கிய கைகளை எண்ணி எழுதுவது செயலாளர் வேலை. வலது கையால் எழுதினேன். இடது கை மேலே இருந்தது.