கொலம்பஸில் ஏற ஒரு பலகை

11.5.2010

எம்.ஏ. தேர்வு முடிந்தது. சிதம்பரத்திலிருந்து கடலூர் வரும்வரை அண்ணன் எழிலன் காரிலேயே தூங்கினான். தேர்வு அறை முதல் மாடி. அவன்தான் தூக்கிப்போனான். எனக்கு வயது இருபத்து மூன்று. போலியோவுக்கு இருபத்தொன்று.

பாஸானால் என்ன வேண்டும் என்று கேட்டான். இப்போதே வேண்டும், கொலம்பஸ் என்றேன். முன்னும் பின்னும் ஆடும் அந்தப் பெரிய கப்பல். பொருட்காட்சிகளில் கீழேயிருந்து பார்த்தது மட்டும்தான்.

16.5.2010

கடற்கரைச் சாலையில் இருக்கும் கேளிக்கைப் பூங்கா. நுழைந்ததும் ஒரு தனிக் கவுன்ட்டர். சுவேதா என்ற பெண் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு மஞ்சள் தாள் தந்தாள். எதில் சக்கர நாற்காலியோடே போகலாம், எதற்குத் துணை வேண்டும், எதில் நானாகவே இருக்கைக்கு மாற வேண்டும் – எல்லாம் அச்சில். வரிசை கிடையாது. நேரம் குறித்துத் தருவார்கள். அந்த நேரத்துக்கு வெளியேறும் வாசல் வழியாக உள்ளே போக வேண்டும். முன்பின் தெரியாத யாரோ என்னைப் பற்றி யோசித்திருக்கிறார்கள்.

"கொலம்பஸ்னா அவுங்களேதான் மாறணும். மாறிக்குவாங்களா சார்?"

"அதெல்லாம் மாறிக்குவா."

அவளும் என்னைக் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

கப்பலுக்குப் பக்கத்தில் பழகிப் பார்க்க ஒரு இருக்கை. எழிலன் வழக்கம்போல் அள்ளி எடுத்து உட்காரவைத்தான். ஒரு நொடிகூட ஆகவில்லை.

கப்பலை ஓட்டுகிற அய்யனார் சிரித்தார். "அண்ணே, ஏத்துனது நீங்க. அவுங்க எங்க ஏறுனாங்க?"

"திருவந்திபுரம் கோயில் மலைப்படி அத்தனையும் இவளத் தூக்கிட்டு ஏறுனவன்யா நான்."

"இருக்கட்டும்ணே. கப்பல் மேடை மட்டத்துக்கு வராம நடுவுல நின்னுட்டா? அவுங்களுக்கு நகரத் தெரிஞ்சா ரெண்டு பேரும் தப்பிப்பீங்க. நீங்க தூக்குனா ரெண்டு பேரும் விழுவீங்க."

அண்ணன் கத்தினான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏறாமலே கிளம்பும்போது அய்யனார் என்னிடம் மட்டும் சொன்னார்: "ஒரு அம்மா பலகை போட்டு நகந்து வருவாங்க. கைதான் முக்கியம். பழகிட்டு வாங்க, நான் எங்கயும் போயிட மாட்டேன்."

17.5.2010

நகரத் தெரியாதா எனக்கு? நகர விட்டதே இல்லையா? எங்கள் வீட்டில் யார் கண்ணில் பட்டாலும் தூக்கிவிடுவார்கள். பாசம்தான். நானும் கையை நீட்டிவிடுகிறேன் – அதுதான் எரிச்சல்.

2.6.2010

அப்பா பலகை வாங்கி வந்தார். இழைத்தது, வழவழப்பு. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே பாலம்.

9.6.2010

விழுந்தேன். நாற்காலியின் பிரேக்கைப் பூட்ட மறந்துவிட்டேன். அம்மா ஓடிவந்தாள். தொடாதம்மா, தொடாத, நானே ஏந்திரிக்கிறேன் – எவ்வளவு சத்தமாகச் சொன்னேன்? அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். குழாய் திறக்கும் சத்தம். அழுதிருப்பாள்.

எழுந்திருக்க முக்கால் மணி நேரம்.

10.6.2010

முழங்கை வீக்கம்.

4.7.2010

எழிலன் வாசற்படியில் நின்று பார்க்கிறான். கையை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டிருக்கிறான். "என்னடா, போலீஸ்காரன் மாதிரி?" என்றேன்.

"முன்னாடி வெச்சா தூக்கிடுவேன்."

22.8.2010

கட்டிலிலிருந்து நாற்காலி. நாற்காலியிலிருந்து கட்டில். பத்து முறை. யாரும் வீட்டில் இல்லாதபோது. சாட்சி இல்லாத வெற்றி வெற்றிதானா? ஆம்.

3.10.2010

மீண்டும் பூங்கா. சுவேதா இந்தமுறை குனிந்து என்னைக் கேட்டாள். "மாறிக்குவீங்களா மேடம்?"

மாறிக்குவேன்.

பழகும் இருக்கை. பிரேக், பலகை, இடது கை, வலது கை. பலகை ஒருமுறை நழுவியது. எழிலன் ஓர் அடி முன்னால் வந்துவிட்டுப் பின்னால் போனான். நான் பலகையைச் சரிசெய்தேன். நாலாவது நகர்வில் இருக்கை. அய்யனார் என் மஞ்சள் தாளில் 11.40 என்று நேரம் எழுதினார்.

துணைக்கு எழிலன். கப்பல் மேலே போனது. கடல் தெரிந்தது, பிறகு வானம், பிறகு கடல். நான் கூச்சலிட்டேன் என்று எழிலன் சொல்கிறான். கம்பியை விடாமல் முருகா முருகா என்றது அவன்தான்.

கப்பல் நின்றது. பலகை போட்டு நாற்காலிக்கு வந்துவிட்டேன். அவன் இன்னும் எழவில்லை.

"ஒண்ணுமில்ல பாப்பா, வெயிலு."

மேகமூட்டமாக இருந்தது. இன்னொரு முறை போகலாமா என்று கேட்டேன். நீ போ என்றான். துணை இல்லாமல் விடமாட்டார்கள். அய்யனாரின் ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

5.10.2010

என்னைக் குளிக்கத் தூக்கிப்போக அம்மா தினமும் ஐந்து மணிக்கு எழுவாள். இன்றும் வந்தாள். நான் ஈரத்தலையோடு நாற்காலியில் இருந்தேன்.

என்ன செய்வதென்று தெரியாமல் என் கட்டிலில் உட்கார்ந்தாள். துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். பிறகு அப்படியே சாய்ந்தாள்.

இப்போது ஏழரை. இன்னும் தூங்குகிறாள். நான் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.