டாங்கியின் மூடி

அண்ணா,

இன்று காலை அளவு ரவிக்கை கொடுக்க வந்த ஒரு பெண், கடைக்குள் காலெடுத்து வைத்ததுமே மூக்கைச் சுளித்தாள். "என்னக்கா, கடையெல்லாம் நெயில் பாலிஷ் வாடை அடிக்குது?" நான் பசைப் புட்டியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஐம்பதைத் தாண்டிய தையல்காரி பிளாஸ்டிக் டாங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறாள் என்று ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? அவள் போன பிறகும் அந்த வாடை போகவில்லை. நீ முக்காலியில் உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைகளின் வாடை அது. கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு அவளுடைய ரவிக்கைக்குத் துணி வெட்ட உட்கார்ந்தேன்.

பட்டாளத்தில் இருந்தவரை நீ டாங்கி ஓட்டினாய். ஓய்வு பெற்று வந்ததும் சிமெண்ட் ஆலையில் காவல் வேலைக்குச் சேர்ந்தாய். ஒருநாள் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவன், நீ ஓட்டிய அதே ரக டாங்கி பொம்மையாக விற்பது கண்ணில் பட்டதும் ஆசைப்பட்டு வரவழைத்துவிட்டாய். பெட்டியைத் திறந்தால் உள்ளே டாங்கி இல்லை. பச்சைச் சட்டங்களில் குட்டிக் குட்டியாகத் தொங்கும் துண்டுகள்தான் இருந்தன. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருமானூரில் பஸ் ஏறி, நேரே அரியலூரில் என் கடைக்கு வந்து நின்றாய்.

"அட்டையில போட்ருக்கறது அப்புடியே வரும்னுல்ல நெனச்சேன். பூராவும் பிச்சுப் போட்டு அனுப்பிருக்கான்."

"திருப்பி அனுப்பிருண்ணா."

"துண்டு துணியக் குடுத்தா ரவிக்கையாக்குற. இத ஒட்ட மாட்டியா நீ?"

இரண்டு பேருக்கும் அந்த வேலையில் ஆனா ஆவன்னா தெரியாது. நீ துண்டுகளைக் கையால் பிய்த்தாய், பாதி முறிந்தது. நான் நூல் வெட்டும் கத்தரியை எடுத்துக் கொடுத்தேன். ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினுக்கு நூல் கோக்கிற இடுக்கி, திருகாணி அளவுத் துண்டைப் பிடிக்க வாகாக இருந்தது. நான் பசையை மைதா மாவு மாதிரி அப்பியதில் ஒரு பக்கத்துச் சக்கரங்கள் சுற்றவே மறுத்துவிட்டன. "மொத நாளே வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருச்சு" என்று நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து செல்போன் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அப்புறம் ஞாயிறுதோறும் வேலைக்கு ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். படம் பார்த்து நான் சொல்வேன்; நீ ஒட்டுவாய். "பட்டாளத்துலயும் இதான். மேல ஒக்காந்துருக்கறவரு சொல்லுவாரு, நான் ஓட்டுவேன்" என்றாய். சின்ன வயதில் நான் சொன்ன ஒரு பேச்சையாவது நீ கேட்டிருப்பாயா? இப்போது என் அதட்டலுக்கு "சரிங்க சார்" என்று கேலியாகத் தலையாட்டினாய். சங்கிலியை நான் சக்கரங்களின் மேல் இறுக்கிப் பூட்டியபோது மட்டும் கையைத் தட்டிவிட்டாய்.

"மேல கொஞ்சம் தொய்வா இருக்கணும். இறுக்குனா அத்துரும்."

"நூலும் அப்புடித்தான்ணா."

"பாத்தியா, ஒனக்கே தெரியுது."

ஒன்று மட்டும் எப்போதும் நடக்கும். பெண்கள் வந்து போட்டுப் பார்க்கிற கடை என்பதால், வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டதுமே நீ எழுந்துவிடுவாய். தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்வாய். அவர்கள் போன பிறகுதான் வருவாய். வந்ததும் வேறு பேச்சு தொடங்கும். பாதியில் நின்ற பேச்சுகளைப் பற்றி நாம் இரண்டு பேரும் கவலைப்பட்டதே இல்லை. அதுதான் அடுத்த ஞாயிறு இருக்கிறதே என்று இருந்தோம்.

தீபாவளி நெருங்கியபோது ஓட்டுநர் ஏறி இறங்குகிற துளையின் மூடிக்கு வந்தோம். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும்.

"இதுக்கு ரெண்டு படம் போட்ருக்குண்ணா. தொறந்த மாதிரியும் ஒட்டலாம், மூடுன மாதிரியும் ஒட்டலாம். ஒட்டிட்டா மாத்த முடியாது. ஒன் எடம், நீயே சொல்லு."

நீ அதை விரல் நுனியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய். "தொறந்து ஓட்டுனா பல்லெல்லாம் மண்ணு. ஆனா வானம் தெரியும். மூடிட்டா நாலு விரக்கட கண்ணாடிதான், அதுல தெரியறதுதான் ஒலகம்." உன் குரல் மாறியது. "ஒரு தடவ, இந்த மூடி மூடியிருந்ததாலதான்..."

வாசலில் செருப்புச் சத்தம். அம்மாவும் மகளுமாக இரண்டு பேர், கல்யாண ரவிக்கையைப் போட்டுப் பார்க்க வந்திருந்தார்கள். நீ மூடியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாய். திரும்பி வரும்போது எனக்கும் ஒரு டீ கையில் இருந்தது. "அத கடைசியா ஒட்டிக்கலாம், விடு" என்றாய். எனக்கு முன்னால் ஊக்கு வைக்க வேண்டிய ரவிக்கைகள் குவிந்து கிடந்தன. சரி என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு நீ இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை என்று அண்ணி போனில் அலறினாள்.

மூடியிருந்ததால்தான் என்ன அண்ணா? பிழைத்தாயா? இல்லை, கூட இருந்த யாரையாவது இழந்தாயா? காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் அண்ணியிடம் கேட்டேன். "எங்கிட்ட எங்க அதெல்லாம் பேசுனாங்க? லீவுல வந்தா வாய்க்கா தண்ணி, ஓடு மாத்தறது, இதான் பேச்சு. படுத்தப்புறம் எந்திரிச்சுப் போயி தாப்பாளத் தொட்டுப் பாப்பாங்க. அது மட்டும் தெரியும்." உன் போனிலிருந்த பட்டாளத்து நண்பர் ஒருவரையும் கூப்பிட்டேன். அவர் இந்தியில் நிறையப் பேசினார், நடுவில் அழுதார். எனக்கு விளங்கியது உன் பேர் ஒன்றுதான்.

மிச்ச வேலையை நானே முடித்தேன். வண்ணம் அடித்தேன், இரண்டு இடத்தில் வழிந்துவிட்டது. வண்ணத்துக்கு மேல் புழுதி பூச வேண்டும், அதற்கென்றே தூள் விற்கிறது என்று வீடியோவில் ஒரு பையன் சொன்னான். அரியலூர்க்காரி புழுதியைக் காசு கொடுத்து வாங்குவாளா? சுண்ணாம்புக்கல் லாரிகள் ஜன்னலில் கொட்டிவிட்டுப் போனதையே தூரிகையில் தொட்டுப் பூசினேன். நன்றாகவே வந்திருக்கிறது. நீ பார்த்திருந்தால் குறை சொல்லியிருப்பாய்.

மூடிக்குத்தான் ஒரு முடிவு எடுக்க முடியவில்லை. இன்று காலையும் அதற்காகத்தான் பசைப் புட்டியைத் திறந்தேன். சீட் காலியாக இருந்தாலும் பஸ் படிக்கட்டில் காற்று வாங்கிக்கொண்டு வருகிற உன்னை நினைத்தால் திறந்து ஒட்டத் தோன்றுகிறது. தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்க எழுந்த உன்னை நினைத்தால் மூடிவிடத் தோன்றுகிறது. நான் தங்கச்சி. இரண்டில் எது நீ என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. எத்தனை லீவுக்கு வந்திருப்பாய், ஒரு தடவையாவது உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டிருப்பேனா? மிலிட்டரி கேண்டீனில் பிரஷர் குக்கர் கிடைக்குமா என்றுதான் கேட்டிருக்கிறேன்.

அதனால் ஒட்டவில்லை. துளையின்மேல் சும்மா வைத்திருக்கிறேன். டாங்கி என் மிஷின் பலகையின் ஓரத்தில் நிற்கிறது. மிஷின் ஓடினால் பலகை அதிர்கிறது, மூடி நழுவிக் கீழே விழுகிறது. ஒரு சொட்டுப் பசை வைத்தால் போதும், இல்லையென்றால் டாங்கியை அலமாரிக்கு மாற்றினால் போதும். இரண்டையும் செய்ய மனசு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் மிஷினை நிறுத்திவிட்டு, நூல் குப்பைக்கும் ஊக்குகளுக்கும் நடுவில் குனிந்து தேடுகிறேன். எதிரில் யார் அவசரமாக நின்றாலும், நிமிராமலே, "கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்று சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு அந்த அம்மாவிடமும் மகளிடமும் அதைச் சொல்லியிருக்க வேண்டும் அண்ணா.