பனிக்குப் போட்ட கோட்டு

நேற்று சீனி பார்க்க இரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். தாதி பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து முழங்கை மடிப்பில் தேய்த்தாள். வாசம் மூக்கில் ஏறியதும் கையை இழுத்துக்கொண்டேன்.

"பயமா ஐயா?"

"இல்ல மகள், குத்துங்க" என்றேன். ஊசி படுவதற்குள் கண் நிறைந்துவிட்டது. நீ கசெட் மெஷினின் ஹெட்டைத் துடைக்கும்போது வந்த வாசம் அது என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

கண்டியில் கொழும்பு வீதிக் கடையில் முன்பக்கம் எனக்கு: பை, குடை, வெற்றுக் கசெட். பின்னால் பலகை அடித்த சின்ன அறை உனக்கு. பெரிய பள்ளிக்கூடத்துப் பையன்கள் கழுத்துவரை மயிர் வளர்த்துக்கொண்டு, இங்கிலீஷ் பாட்டுப் பட்டியலோடு உன்னிடம் வருவார்கள். ஒரு மணித்தியாலக் கசெட்டில் பாட்டுப் பதிய ஒரு மணித்தியாலம் ஆகும். இசைத்தட்டில் ஊசி சிக்கினால் எல்லாம் பாழ் என்பதால் பக்கத்தில் இருந்து கடைசிவரை கேட்க வேண்டும். கண்டியில் வேறு எவனும் அத்தனை மோசமான பாட்டுகளை அவ்வளவு பொறுமையாகக் கேட்டிருக்க மாட்டான், நம் இரண்டு பேரைத் தவிர.

என் இங்கிலீஷ் வெள்ளைக்காரனுக்குக் குடை விற்கிற அளவுக்குத்தான். தெல்தோட்டையில் தோட்டத்துக் கிளாக்கராக இருந்த உன் அப்பா உனக்கு நல்ல இங்கிலீஷ் கொடுத்திருந்தார். டிரம் இடிக்கும், பாடுகிறவன் அடிவயிற்றிலிருந்து அலறுவான், உலகம் அழியப்போகிறது என்று சொல்கிறான் போலிருக்கிறது என்று நான் நினைப்பேன். நீ கண்ணை மூடிக்கொண்டு தமிழில் சொல்வாய்.

"'நான் ஒரு கண்ணாடிக் குதிரை. காலமெனும் கடலில் மேய்கிறேன்.'"

"கடல்ல என்னத்தடா மேயிறது?"

"தெரியாது மச்சான். அவனுக்கும் தெரியாது."

"கண்ணாடிக் குதிரைக்கு லாடம் அடிச்சா என்னாகும்? அதையும் கேட்டுச் சொல்லு."

இன்னொருவன் காதலியின் கண்ணில் ஏழு கோபுரம் இருக்கிறது, எட்டாவதில் நான் உறங்குகிறேன் என்று பாடினான். "ஏழுதானே இருக்கு, எட்டாவதை எவன் கட்டினான்?" என்று நான் கேட்டதற்கு, நீ சிரித்துச் சிரித்துக் கதிரையோடு சரிந்தாய். கடைக்கு வருகிற சரக்கைப் போலத்தான் தீர்ப்பும் சொல்வேன். நல்லதென்றால் அலுமாரியைக் காட்டி "தட்டுல வை." மோசமென்றால் "திருப்பி அனுப்பு." அத்தனை வருசத்தில் தட்டுக்குப் போனது இரண்டோ மூன்றோதான்.

ஒருநாள் நீ சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாய்: "நாம சிரிக்கிறோம். எழுதுறப்போ அவன் சிரிச்சிருக்க மாட்டான் மச்சான்."

"அதுதான்டா இன்னும் சிரிப்பு" என்றேன். அப்போதாவது உன் முகத்தைப் பார்த்திருக்கலாம்.

உன் அப்பா காலமாகி நாலைந்து மாதம் இருக்கும். பகல் முழுக்க மழை, கரண்ட் இல்லை. மழைக்கு ஒதுங்கிய மூன்று பையன்கள் பின்னறையில் நின்றார்கள். நீ மேசை லாச்சியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தாய்.

"புதுசு ஒண்ணு. யாரோ இங்கிலாந்துக்காரன் பாடினது" என்று சொல்லி மெதுவாக வாசித்தாய்.

"'மூடுபனியே, என் அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு எங்கே போகிறாய்? பதில் வேண்டாம். பொத்தானை மட்டும் பூட்டிக்கொள், குளிரும்.'"

பையன்கள் என் வாயைப் பார்த்தார்கள். ஆள் இருந்தால் எனக்கு வாய் இன்னும் நீளும் என்பது உனக்குத் தெரியும்.

"பனிக்கு எதுக்குடா கோட்டு? பனியே குளிருதுன்னு கோட்டுப் போட்டா, நாங்க எல்லாம் என்னத்தப் போடுறது? அவன் அப்பன் என்ன, கோட்டில்லாமயா போனான்?"

பையன்கள் பலகையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "ஆமா மச்சான், சரியான பைத்தியக்காரன்" என்றாய்.

"திருப்பி அனுப்பு" என்றேன்.

நீ கொப்பியை மூடி லாச்சியில் போட்டாய். பிறகு அதை நான் காணவில்லை. குதிரை, கோபுரம் எல்லாம் வழக்கம்போல நடந்தது.

பையைத் தொட்டாலே தோலா, ரெக்சினா என்று சொல்கிறவன் நான். கொழும்புச் சாமானில் ஒரு தையல் பிசகினாலும் கண்டுபிடிப்பேன். அன்று மெஷின் ஓடவில்லை. பாட்டே ஓடாமல் நீ பாட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தக் கோட்டையும் எனக்குத் தெரியும். தெல்தோட்டை பஸ்ஸிலிருந்து உன் அப்பா அதைப் போட்டுக்கொண்டு இறங்குவார். மண்ணிறம், நடுப்பொத்தான் இல்லை. அந்த ஓட்டையை இடது கையால் பொத்தியபடி கடைக்குள் வருவார். இவ்வளவும் கண்ணால் கண்டவன்தான் அப்படிச் சிரித்தேன்.

சீடி வந்து கசெட் தொழில் படுத்தது. நீ ஊரோடு போய்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாய். கடைசியாக ஆஸ்பத்திரி வார்டில் உன்னைப் பார்க்க வந்தபோதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஒரு பாட்டுச் சொல்லுடா, சிரிச்சு நாளாச்சு" என்றேன். "இருந்ததெல்லாம் சொல்லிட்டேன் மச்சான்" என்றாய். களைப்பில் பேசுகிறாய் என்று நினைத்துத் தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன்.

உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து உன் மகள் ஒரு கசெட்டைக் கொண்டுவந்து தந்தாள். "அப்பா உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாங்க, பெரியப்பா." உன் எழுத்து, அதே அச்சு மாதிரி. நீ எப்போதும் பாட்டின் பெயரை எழுதிப் பக்கத்தில் பாடிய கூட்டத்தின் பெயரை எழுதுவாய். இதில் "மூடுபனி" என்று இருந்தது. பக்கத்தில், கூட்டத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், "திருப்பி அனுப்பியது."

திகனயில் ரேடியோ திருத்துகிற ஒரு நானாவிடம் பழைய மெஷின் ஒன்றைத் தேடிப் பிடித்து ஓடவிட்டேன். கிட்டார் அவ்வளவு சரியில்லை. உன் குரலும் மேலே போகும் இடத்தில் உடைகிறது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் "குளிரும்" என்கிற சொல்லில் நீ நிற்கிறாய் பார், அந்த இடத்தில் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். எனக்காகப் பாடியிருக்கிறாய், நான் சிரித்ததற்குப் பிறகும்.

தட்டில் வைத்துவிட்டேன்டா. அதைக் கேட்க நீ இல்லை.

இன்று காலை அம்பிட்டிய மேட்டில் வீட்டுப் படலை தெரியாத அளவுக்குப் பனி. பல்லை விளக்கிக்கொண்டு நின்றவன், யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு அதனிடம் சொன்னேன்: நடுப்பொத்தான் இல்லை, கையால் பொத்திக்கொள்.