மதினியின் பாஸ்வேர்டு நோட்டு

மார்ச் 3, 2025

இன்றைக்கும் ஒருத்தி கேட்டுவிட்டாள். "ஏட்டி செல்வி, நீ சைபர் செக்யூரிட்டிதான படிக்கே? எங்க வீட்டுக்காரரு போன்ல யார்ட்ட பேசுதாருன்னு எடுத்துத் தாயேன்." எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் படிக்கிறேன். ஊருக்கு நான் பிரிண்டர் ரிப்பேர் பார்ப்பவள், இல்லையென்றால் புருஷன்மாரை ஒட்டுக்கேட்பவள்.

ப்ராஜெக்ட் முடிவாகிவிட்டது. ஒரு சிறு நிறுவனத்தின் பாதுகாப்பை ஆராய்ந்து அறிக்கை கொடுக்க வேண்டும். கோகிலா மதினியின் பிரவுசிங் சென்டரையே எடுத்துக்கொண்டேன். அண்ணன் பொண்டாட்டி, அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றா சொல்லப்போகிறாள்? மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். விட்டால் ஆறு மாதம் போச்சு.

மார்ச் 6

தலை சுற்றுகிறது. டிராயரில் ஒரு நீள நோட்டு. ஒன்பது வருடமாக மதினி ஈமெயில் தொடங்கிக் கொடுத்த அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள் — பெயர், ஊர், மெயில், பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு பத்தியில் முதல் வரி கோமதி1008. அதற்குக் கீழே பக்கம் பக்கமாக 'மேற்படி' என்பதற்கு இரண்டிரண்டு கோடு!

கேட்டால், "அம்மன் பேரு யாருக்காவது மறக்குமாட்டி?" என்கிறாள்.

மார்ச் 7

சண்டை. "மறந்துட்டு வந்து நிப்பாங்க, நீயா பதில் சொல்லுவே? நோட்டைக் குத்தம்னு எழுதுனா கையெழுத்துக் கிடையாது." இத்தனை வருடத்தில் ஒன்றும் ஆகவில்லையாம். ஆகும்போது சொல்லிவிட்டா வருவான்?

மார்ச் 11

மதினி சாப்பிடப் போன நேரத்தில் நோட்டிலிருந்து பதினோரு பேரை எடுத்து முயன்றேன். ஒன்பது மெயில் திறந்துவிட்டது. எப்போதும் இதே கம்ப்யூட்டரில் திறப்பதால் ஓடிபி கூடக் கேட்கவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஒன்பதாவது, குருவிகுளம் வெங்கடேஷ் அண்ணன். கோயம்புத்தூர் கம்பெனியில் வேலை உறுதி, ஆர்டர்தான் பாக்கி என்று வீட்டிலும் கடையிலும் சொல்லிக்கொண்டிருப்பவர். மெயில் முழுக்க 'வருந்துகிறோம்'. கோயம்புத்தூர் கம்பெனியும்தான், ஜனவரியிலேயே.

மூடிவிட்டேன். ஆனால் பார்த்தது பார்த்ததுதானே.

மார்ச் 12

வெங்கடேஷ் அண்ணன் வந்தார். "இந்த வாரம் ஆர்டர் வந்துரும்க்கா" என்று மதினியிடம் சொன்னார். நான் பிரிண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

மார்ச் 15

கைடு சாருடன் வீடியோ கால். ஒன்பது மெயில் திறந்த கதையைப் பெருமையாகச் சொன்னேன். "அவங்ககிட்ட அனுமதி வாங்கினீங்களா?" என்றார்.

இழவு, நெட்டாவது கட் ஆகாதா? மூன்று நாளாக இழுத்துக்கொண்டிருந்தது இன்றைக்குத்தான் ஜோராக இருந்தது.

"அனுமதி இல்லாம திறந்தா அது சோதனை இல்லம்மா, குற்றம். அந்த முடிவைத் தூக்குங்க. ஒன்பது பேர்கிட்டயும் நேர்ல சொல்லுங்க. எழுத்துல சம்மதிச்சவங்களை வச்சு மட்டும் மறுபடி செய்ங்க."

முதல் செமஸ்டரிலேயே படித்த பாடம். அதில் எண்பத்தேழு மார்க் வேறு. சீ.

மார்ச் 16

மதினியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், திட்டவில்லை. நோட்டை டிராயரில் வைத்து மூடிவிட்டு, "ஒம்பது வருசம்டி. அவங்க இந்த ஸ்டூல்ல வந்து உக்காராம ஒருத்தர் மெயிலையும் நான் தெறந்தது கிடையாது. நீ படிச்சவ" என்றாள்.

இந்த நோட்டை வைத்துத் திருட்டுத்தனமாக நுழைந்தது இதுவரை நான் ஒருத்திதான்.

மார்ச் 22

எட்டுப் பேரைப் பார்த்தாகிவிட்டது. ஒருத்தருக்காவது கோபம் வர வேண்டுமே! கரிவலம் முத்துமாரியம்மாள், "தெறந்தா என்ன மக்கா, நம்ம புள்ளதான? எங்கன கையெழுத்துப் போடணும்?" என்று படிக்காமலே போட்டார். படித்துக்காட்டினால் காபி குடிக்கச் சொல்கிறார்கள். இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன பாதுகாப்பைக் கிழிப்பது?

மார்ச் 24

வெங்கடேஷ் அண்ணனைக் கடைக்கு வெளியே நிறுத்திச் சொன்னேன்.

"எல்லாம் பாத்தியா?"

"பாத்தேண்ணே."

பைக் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்ல தெரியாது" என்றார். சம்மதப் பேப்பரை வாங்கவில்லை. உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டை மாற்றினார். மதினி வழக்கம்போல நோட்டைத் திறந்து, "புதுசு என்னன்னு சொல்லுப்பா, எழுதிக்கிடுதேன்" என்றாள்.

"வேண்டாம்க்கா."

எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

மார்ச் 30

மதினி கையெழுத்துப் போட்டுவிட்டாள். அறிக்கையில் முதல் குறை நோட்டுதான், ஒரு வார்த்தை மாற்றவில்லை. இரண்டாவது குறையாக என்னைச் சேர்த்திருந்தேன். "ரெண்டாவது சரியா இருக்கு" என்றாள்.

ஏப்ரல் 19

எண்பத்தொரு மார்க். வெங்கடேஷ் அண்ணன் கடைப்பக்கம் வந்து இருபத்தாறு நாள்.

இன்று அவருடைய அம்மா பஸ் ஏறி வந்துவிட்டார். "கோயம்புத்தூர் ஆர்டர் வந்துட்டான்னு அவன் மெயிலைக் கொஞ்சம் பாரு தாயி. கேட்டா வாயத் தெறக்க மாட்டுக்கான்."

மதினி பழக்கதோஷத்தில் நோட்டை எடுத்தாள். பக்கத்தைப் புரட்டி, நின்று, என்னைப் பார்த்தாள்.

"அண்ணன் வந்து உக்காந்தாத்தான் தெறக்க முடியும் பெரியம்மா" என்றேன்.

"நீதான் இதுக்குன்னே படிக்கியாமே?"

"ஆமா பெரியம்மா. அதான் முடியாது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னத்தைப் படிச்சியோ போ" என்று சலித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். மதினி ஸ்கேலை வைத்து, நோட்டில் வெங்கடேஷ் அண்ணன் பெயர் இருந்த அந்த ஒரு வரியை அடித்தாள்.