மழைச் செய்தி

அன்பு மகனுக்கு,

உன் போனுக்கு வரும் மழைச் செய்தியை இனி நானே வாசிப்பேன். அறுபத்தொன்பது வயதில் எழுத்துக் கற்றுவிட்டேன்!

"மழை பாதியில் நிற்கும், கம்பு விதையுங்கள்" என்று வந்தது. மக்காச்சோளம் போட்ட பக்கத்துக் காட்டு முசெம்பி, "கோழித் தீனியா விதைக்கிறீரு?" என்று சிரித்தான். சொன்ன வாரத்தில் மழை நின்றது. எங்கள் சரிவில் என் கம்பு மட்டும் விளைந்தது.

மச்சாகோஸ் நகரம் போய், அந்தச் செய்தி அனுப்பும் வேளாண் அதிகாரி சியோம்புவாவுக்கு நன்றி சொன்னேன்.

"பெரியவரே, உங்க மகனை அடக்கம் பண்ணப்பவே அந்த நம்பரை எடுத்துட்டோமே!"

பதிவேட்டில் கோடு போட்டு அடித்திருந்த உன் எண்ணைக் காட்டினாள். எனக்கோ ஒரே சந்தோஷம்.

இன்று காலை வந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தேன்: "அடுத்த பருவம் நல்ல மழை. எல்லாரும் மக்காச்சோளம் போடலாம். அப்பா, நீங்க விதைக்க வேண்டாம்."

விதைக் குடுக்கையை முசெம்பியிடம் கொடுத்துவிட்டேன்.

உன்னிடம் வரத் தயாராகிவிட்ட,
அப்பா