வலி நின்ற நேரம்

முதுநகர், கடலூர்
12.1.2025

அன்பிற்கினிய இளவரசிக்கு அண்ணி அமராவதி எழுதுவது. இங்கு யாவும் நலமே. உன் நலம் அறிய அவா.

உங்கள் ஆய்வுக்கூடம் நோயாளிகளுக்குத் தரும் தமிழ் விளக்கத்தாளைத் திருத்தி இத்துடன் இணைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவளிடம் இதை ஏன் கொடுத்தாய் என்று யாரேனும் கேட்டால், நூலகச் சந்தாவை இருபத்திரண்டு ஆண்டுகளாக விடாமல் புதுப்பிப்பவள் என்று சொல்.

நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். வயிற்றுக்குள் ஓரிடம் திடீரெனப் புண்பட்டு வீங்கினால், அவ்விடத்துத் திசுக்கள் கெமோகைன் என்னும் அழைப்பை வெளியிடுகின்றன. அவ்வழைப்பை வாங்கும் ஏற்பிகள் வெள்ளையணுக்களின் மேல் இருக்கின்றன. அணுக்கள் அழைப்பு வந்த திசையில் சென்று புண்ணைச் சூழ்ந்து அரண் கட்டுகின்றன. ஆகவே ஏற்பி என்பது அணுவின் செவி. 'காது என்று போடுங்கள் அண்ணி' என்பாய். செவியே பொருந்தும்.

ஓர் ஐயம். கட்டிய அரணை வெளியிலிருந்து யாரேனும் கலைத்துவிட்டால் என்ன ஆகும்? தாளில் அது இல்லை. அறிவதற்காகவே கேட்கிறேன்.

நேற்று அடுத்த வீட்டு விருத்தாம்பாள் பேரப்பிள்ளையைத் தூக்கி வந்தாள். எண்ணெய் தடவி வயிற்றை நீவிக் குடலேற்றம் எடுப்பதில் என் கைக்கு இத்தெருவில் இருந்த பெயர் உனக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன் என்றேன். "மூணு வருசமா இதேதான் சொல்ற. கையி என்ன அழுவிப் போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பொங்கலுக்கும் வர இயலாது என்று எழுதியிருக்கிறாய். இரத்த மாதிரிகளைக் காக்கும் உன் குளிர்ப்பெட்டிக்குப் பண்டிகை விடுமுறை கிடையாது போலும்.

என்றும் உன் நலம் நாடும்,
அமராவதி தங்கராசு

•

சிதம்பரம்
19.1.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அறைத்தோழி ஜான்சிக்குப் படித்துக் காட்டினேன். "உங்க அண்ணி இன்னா, கோர்ட்டுல தீர்ப்பு எழுதுறவங்களா?" என்று கேட்டாள். எட்டாவது என்றேன், நம்பவில்லை. போனில் பேசினால் இரண்டு நிமிஷ வேலை. நீங்கள்தான் எழுதினால்தான் பேச்சு என்கிறீர்கள்.

உங்கள் ஐயத்துக்குப் பதில். அரண் கலைந்தால் சீழ் வயிறு முழுக்கப் பரவும். அழைப்பு ஓரிடத்திலிருந்து வராமல் எல்லாப் பக்கமிருந்தும் வரும். அளவு மீறிப்போனால் அணு தன் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். உங்கள் சொல்லில் சொன்னால், செவிடாகிவிடும். அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால், ஏற்பிகளை எண்ணிப் பார்த்தால் நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று ஓரளவு சொல்ல முடியுமா என்பதுதான் எங்கள் ஆய்வு.

அண்ணி, இனி எழுதப்போவதை உட்கார்ந்து படியுங்கள். எங்கள் மருத்துவமனையின் பழைய பதிவேட்டில் பெயர்கள் இருக்காது. மாதிரி எண் 41: ஆண், நாற்பத்தாறு வயது, கடலூர் முதுநகர், குடல்வால் அழற்சி, 11.11.2021. அண்ணன் இறந்து மூன்றாண்டாகியும் அவர் இரத்தம் இங்கே இருக்கிறது. ஏற்பிகளை அன்றே எண்ணிவிட்டார்கள். மிச்சமிருந்ததைச் சிறு குழாயில் உறைய வைத்திருக்கிறார்கள். நீங்கள்தான் சம்மதக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். பெட்டியைத் திறந்து, குழாயைத் தொடாமல் மூடிவிட்டேன். அவர் உடல் விடுத்த அழைப்புகள் அதில் அப்படியே இருக்கின்றன. கேட்பதற்குத்தான் யாருமில்லை.

ஒன்று கேட்க வேண்டும். வரைபடத்தில் மற்ற அறுபது பேரின் புள்ளிகளும் ஒரே கோட்டையொட்டி வருகின்றன. அண்ணனுடையது மட்டும் தனியே நிற்கிறது. அன்று காலைதான் வலி தொடங்கியது, நான்கு மணி நேரம் என்று தாளில் இருக்கிறது. ஆனால் ஏற்பிகளில் பெரும்பகுதி உள்ளே போய்விட்டது. இரண்டு நாள் கழித்து வந்தவர்களைப் போல. வலி எப்போது தொடங்கியது, நினைவிருக்கிறதா?

அன்புடன்,
இளவரசி

•

முதுநகர்
2.2.2025

அன்பிற்கினிய இளவரசிக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் தாமதமானதற்குப் பொறுத்தருள்க.

வலி தொடங்கிய நேரம் குறித்து, அன்று மருத்துவரிடம் கூறப்பட்டவாறே பதிவாகியுள்ளது. அதற்கு மேல் கூட்டவோ குறைக்கவோ என்னிடம் ஏதுமில்லை.

முருங்கை நன்றாகக் காய்த்திருக்கிறது. நீ வந்தால் பறிக்கலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

அந்தக் குழாய் எந்நிறத்தில் இருக்கிறது?

அமராவதி

•

சிதம்பரம்
9.2.2025

அன்புள்ள அண்ணிக்கு,

இவ்வளவு சின்னக் கடிதம் நீங்கள் எழுதி நான் பார்த்ததில்லை. கோபமா? எனக்கு முதல் சம்பளம் வந்தபோதுகூட நான்கு பக்கம் எழுதியவர் நீங்கள்.

குழாய் வெளிர்மஞ்சள் நிறம். சிவப்பணுவைப் பிரித்துவிட்டுத்தான் வைப்பார்கள்.

எங்கள் வழிகாட்டி கோவிந்தசாமி சார், "ட்யூப்பு மாறிப் போயிருக்கும்மா. நாப்பத்தொண்ண எடுத்துடு" என்கிறார். எடுப்பதென்றால் கணக்கிலிருந்து மட்டுமல்ல, குழாயையும் அழித்துவிடுவார்கள். இம்மாதம் இருபத்தெட்டு வரை தவணை கேட்டிருக்கிறேன்.

அண்ணி, அது மாறிப்போன குழாய் இல்லை. அண்ணன் பொய் சொல்லத் தெரியாதவர். அவர் இரத்தத்துக்கு மட்டும் தெரியுமா? தவறு தாளில்தான் இருக்க வேண்டும். அன்று அவசரத்தில் ஏதாவது விட்டுப்போயிற்றா? எதுவானாலும் எழுதுங்கள். உங்களை நான் ஒன்றும் சொல்லிவிட மாட்டேன்.

அன்புடன்,
இளவரசி

•

முதுநகர்
16.2.2025

இளவரசிக்கு,

மாதிரி எண் நாற்பத்தொன்றை அழிக்க வேண்டாம். குழாய் மாறவில்லை. பொய் சொன்னவள் நான்.

வலி தொடங்கியது செவ்வாய்க்கிழமை நண்பகலில். தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றார். புதன்கிழமை அது வலப்பக்கம் கீழே இறங்கிற்று. குடிகாட்டில் தாம் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் படுத்திருந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போவமா அமரா?" என்று இருமுறை கேட்டார். குடலேற்றம்தான், நானே எடுத்துவிடுகிறேன் என்றேன்.

மாலை நான்கு மணி. விளக்கெண்ணெயைச் சூடாக்கி நீவினேன். விரலுக்கடியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நான் தொட்ட இத்தனை வயிறுகளில் அப்படியொன்றை அறிந்ததில்லை. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். பெயர் வாங்கிய கை நிற்கவில்லை. அழுத்தினேன். அது விலகிக் கொடுத்தது.

அந்த விலகலை என் வலக்கை இன்றும் உணர்கிறது. மாவு பிசையும்போது, சோப்பு கரையும்போது, வெறுங்கையாக உட்கார்ந்திருக்கும்போதும். உன் விளக்கத்தாளில் 'அரண்' என்று எழுதிய இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அணுக்கள் இரண்டு நாள் கூடிக் கட்டியதன் வடிவம் எனக்குத் தெரியும். தொட்டிருக்கிறேன்.

"வலி போயிடுச்சு. இன்னா கையி அமரா இது" என்று உன் அண்ணன் சிரித்தார். ரசஞ்சோறு கேட்டுச் சாப்பிட்டார். நான் சுவரருகே போய் விருத்தாம்பாளிடம் பெருமையடித்துக்கொண்டேன். வியாழன் காலையில் காய்ச்சல். வயிறு பலகையாக இறுகியிருந்தது.

சிதம்பரம் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றேன். அங்கே மருத்துவர், "எப்பலேருந்து வலி? வயித்த யாராச்சும் தடவி கிடவி விட்டாங்களா?" என்று கேட்டார். அக்குற்றத்துக்காகவே ஏச்சு வாங்கிய ஒரு பெண் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தாள். அவளோடு ஒரே வரிசையில் நிற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இன்று அதிகாலையில் தொடங்கிற்று, எவரும் தொடவில்லை என்று நல்ல தமிழில், பிழையின்றிச் சொன்னேன். படுத்திருந்த உன் அண்ணன் என்னைப் பார்த்தார். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. சனிக்கிழமை போய்ச் சேரும்வரை சொல்லவில்லை. மூன்றாண்டுகளாக நான் அஞ்சுவது அவருடைய சாவுக்கு அன்று, அந்தப் பார்வைக்கு. நீ குழாயைப் பற்றி எழுதிய நாள்முதல் அது சிதம்பரத்திலிருந்தும் பார்க்கிறது.

என் கைதான் அவரைக் கொன்றதா, அந்தக் குடல்வால் அந்நேரத்தில் தானாகவே வெடிக்க இருந்ததா, நான் அறியேன். என் பொய்யால் எத்தனை மணி நேரம் வீணாயிற்று என்பதையும் அறியேன். ஆறுதலாக எதையும் எழுதாதே.

இதை அலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியில் மாற்றிச் சொல்லிவிடுவேன். எழுதியதை மாற்ற இயலாது.

அமராவதி

•

சிதம்பரம்
24.2.2025

பெறுநர்:
திருமதி அமராவதி தங்கராசு அவர்கள்,
முதுநகர், கடலூர்.

பொருள்: மாதிரி எண் 41 — நோய் விவரத் திருத்தம்.

அம்மையீர்,

தங்கள் 16.2.2025 நாளிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றது. அதில் கண்ட விவரங்களின் அடிப்படையில் மேற்படி மாதிரி ஆய்வில் தொடர்ந்து வைக்கப்படும். கீழ்க்காணும் நேரங்களைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது: வலி தொடங்கிய நேரம், வயிறு நீவப்பட்ட நேரம், வலி நின்ற நேரம்.

இப்படிக்கு,
சு. இளவரசி
இளநிலை ஆய்வாளர்

•

முதுநகர், கடலூர்
3.3.2025

மதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு பிழையும் இல்லை. 'கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்னும் நடையை என்னிடமிருந்து கற்றிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன்.

வலி தொடங்கிய நேரம்: 9.11.2021, நண்பகல் பன்னிரண்டு.

வயிறு நீவப்பட்ட நேரம்: 10.11.2021, மாலை நான்கு.

வலி நின்ற நேரம்: அன்று நான்கு மணி இருபது நிமிடம். ஐயம் வேண்டாம்; சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். எவ்வளவு விரைவில் குணமாக்கினேன் என்று அறியவே பார்த்தேன்.

விருத்தாம்பாள் நேற்றும் பேரப்பிள்ளையைத் தூக்கி வந்தாள். எங்கே வலிக்கிறது என்று அவனைக் கேட்டேன்; வலப்பக்கம் கீழே என்றான். தொடவில்லை, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவர் கேட்டதற்கெல்லாம் முன்னால் நின்று பதில் சொன்னேன். இன்று காலை அறுவை முடிந்து கண் விழித்துவிட்டான்.

முருங்கைக்காய்கள் முற்றிவிட்டன. பறிக்கவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
அமராவதி தங்கராசு

பின்குறிப்பு: குளிர்ப்பெட்டியைத் திறக்கும்போது கையுறை போட்டுக்கொள். உனக்குச் சின்ன வயதிலிருந்தே விரல் சீக்கிரம் விறைத்துவிடும்.